அய்யனார் கோவில் ஆற்றைக் காகிதத்தில் இறக்கலாம்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் நீர்காத்த அய்யனார் கோவிலுக்கு நினைத்த நாளெல்லாம் போய்விட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மழை பிடித்தால் ஆற்றில் வெள்ளம் திடீரென்று இறங்கும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி மீட்டுக் கொண்டுவரப்பட்டது பலமுறை நடந்திருக்கிறது. அதனால் அந்த நாட்களில் வனத்துறை பாதையை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் காகித வேலைக்கு உட்காருவது அப்போதுதான். போக முடியாத ஆற்றை, போயிருந்தபோது எடுத்த படங்களிலிருந்து அட்டையிலும் நோட்டுப் புத்தகத்திலும் இறக்குவோம்.

ஒட்டுவது வேறு, இறக்குவது வேறு. படத்தை ஒட்டினால் அதன் காகிதமும் கூடவே வந்து உட்காரும். ஓரம் தெரியும், நாளானால் நுனி தூக்கும். ஜெல் மீடியம் தடவி இறக்கினால் மை மட்டும் புது அட்டைக்கு வந்துவிடும், பழைய காகிதம் தண்ணீரில் ஊறி உருண்டு போய்விடும். அட்டையிலேயே அச்சடித்த மாதிரி இருக்கும். செய்து செய்து கற்றதை இங்கே தருகிறேன். முதல் குறிப்பை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

1. அசல் படத்தில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். என் அப்பாவும் சித்தப்பாவும் அய்யனார் கோவில் ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்களிடம் இருந்தது. உள்ளங்கை அகலம்தான். இந்த வேலையைக் கற்றுக்கொண்ட புதிதில், அந்தப் படத்தின் மேலேயே ஜெல்லைத் தடவி அட்டையில் கவிழ்த்துவிட்டேன். பழைய ஸ்டூடியோ படங்களில் இருப்பது அச்சு மை இல்லை. காகிதத்தின் மேல் ஜெலட்டின் படலம், அதற்குள் வெள்ளித் துகள், அவ்வளவுதான் படம். தண்ணீர் பட்டதும் ஜெலட்டின் ஊதிக் குழைந்தது. தேய்த்த விரலோடு சித்தப்பாவின் முகம் வந்துவிட்டது. வேறு பிரதி யாரிடமும் இல்லை. ஆகவே முதலில் ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஜன்னல் ஓர நிழல் வெளிச்சத்தில் செல்போனை நேராகப் பிடித்துப் படம் எடுங்கள். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் என்றால் உரிக்க வேண்டாம், கண்ணாடிக்கு மேலேயே எடுங்கள். அதற்குப் பிறகு எல்லா வேலையும் பிரதியில்தான்.

2. பிரதி எடுப்பது லேசர் மெஷினில் இருக்கட்டும். ஜெராக்ஸ் மெஷினும் அதே வகைதான். இவற்றில் இருக்கும் டோனர் என்பது ஒரு பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகிக் காகிதத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீரில் கரையாது. வீட்டில் பலர் வைத்திருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரின் மை பெரும்பாலும் தண்ணீர் மை. ஜெல் பட்டதுமே பரவி, பச்சையும் நீலமும் கலந்து சேறாகிவிடும். எந்த மெஷினில் எடுத்தது என்று சந்தேகமா? எச்சில் தொட்ட விரலால் படத்தின் ஒரு மூலையைத் தேயுங்கள். கலர் விரலில் வந்தால் அது இதற்கு ஆகாது.

3. கடையில் மூன்று விஷயம் சொல்லி வாங்குங்கள்: "லேசர் கலர், சாதா பேப்பர், மிரர்." போட்டோ பேப்பரிலும் வழவழப்பான தாளிலும் கேட்காதீர்கள். அவற்றின் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது. பள்ளிக்கூட ஜெராக்ஸுக்குப் போடுகிற 70, 75 ஜிஎஸ்எம் தாளே போதும், அதுதான் நன்றாக ஊறும். மிரர் என்றால் இடவலம் மாற்றுவது. கவிழ்த்து இறக்கும்போது படம் ஒருமுறை திரும்பும் என்பதால், திரும்பிய படத்திலிருந்து தொடங்கினால்தான் நேராக வந்து நிற்கும். ஆறும் மரமும் திரும்பினால் யாருக்கும் தெரியாது. எழுத்து திரும்பினால் எல்லோருக்கும் தெரியும். தமிழில் 'ப' மாதிரி ஒன்றிரண்டு எழுத்துதான் இடவலம் திருப்பினாலும் அப்படியே நிற்கும்.

இது நமக்குப் பக்கத்திலேயே நடந்துவந்த வித்தைதான். பழைய லித்தோ அச்சில் கல்லிலிருந்து நேராகக் காகிதத்துக்குப் போகும் என்பதால் கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றியே வரைய வேண்டியிருந்தது. இன்றைக்குச் சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் மெஷினில் தகட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு ஒருமுறை, அங்கிருந்து காகிதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை படம் திரும்புகிறது. அதனால் தகட்டில் எழுத்து நேராகவே இருக்கும். நாம் செய்வது பழைய கல் அச்சின் கணக்கு.

4. ஜெல் மீடியம் என்பது நிறப்பொடி சேர்க்காத அக்ரிலிக் வண்ணம். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் 1955ல் அமெரிக்காவில் லிக்விடெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் பல கம்பெனிகளின் ஜெல் கிடைக்கிறது. ஈரத்தில் பால் போல வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது என்பதுதான் நமக்கு முக்கியம். பளபளப்பு, மங்கல் என்று இரண்டு வகை உண்டு. இறக்குவதற்குப் பளபளப்பு வகை நல்லது, படம் தெளிவாக வரும். மேலே கடைசிப் பூச்சுக்கு மங்கல் வகை.

5. ஃபெவிகால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். நாம் ஈரம் வைத்துத் தேய்க்கும்போது காகிதத்தோடு படமும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை சரியாக வந்ததை நம்பி இருபது அட்டையில் இறங்கிவிடாதீர்கள்.

6. எதன்மேல் இறக்குகிறோம் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. மரப்பலகையும் துணியும் தண்ணீரைத் தாங்கும். காகிதத்தின் மேல் காகிதத்தை இறக்கும்போது மேல் தாள் ஊறினால் கீழ் அட்டையும் ஊறும். மேலே தேய்த்தால் கீழேயும் உரியும். அதனால் மெல்லிய சார்ட் பேப்பர் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், கெட்டியான அட்டை, பருத்தியில் செய்த கைவினைக் காகிதம் ஆகியவை தாங்கும். எதுவானாலும் வேலைக்கு முதல் நாளே மெல்லிசாக ஒரு கோட் ஜெல் தடவிக் காயவிடுங்கள். அட்டைக்கு அது மழைக்கோட்டு மாதிரி. இந்த ஒரு வேலையைச் செய்யத் தொடங்கிய பிறகு எனக்கு அட்டை கிழிவது நின்றே போனது.

7. பிரிண்டரிடம் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிகிற இடமெல்லாம் வெறும் காகிதம். இறக்கிய பிறகு அங்கே அடியில் இருக்கும் அட்டையின் நிறம்தான் தெரியும். பழுப்பு அட்டையில் அருவிப் படத்தை இறக்கினேன். பாறையும் மரமும் அழகாக வந்தன, தண்ணீர் மட்டும் தேநீர் நிறத்தில் விழுந்தது. அருவி வேண்டும் என்றால் வெள்ளை அட்டை எடுங்கள். பழுப்பு அட்டைதான் வேண்டும் என்றால் தண்ணீர் வரும் இடத்தில் மட்டும் முன்கூட்டியே வெள்ளை அக்ரிலிக் தீட்டிக் காயவையுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பழுப்பு அட்டை நன்றாகப் பொருந்தும். முகங்களில் ஒரு சூடு வந்துவிடும்.

8. எந்தப் படம் நன்றாக இறங்கும்? இருட்டும் வெளிச்சமும் பிரிந்து தெரிகிற படம். அய்யனார் கோவில் காட்டில் உச்சி வெயிலில் எடுத்தால் இலைக்கூட்டமெல்லாம் ஒரே கறுப்புத் திட்டாக வரும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்த ஒற்றை மரம், ஆற்றங்கரை வேர், ஈரப்பாறை ஆகியவை இதற்கு ஏற்றவை. கூட்டத்தோடு நிற்கும் குடும்பப் படத்தில் முகங்கள் கடுகு அளவில் இருந்தால் தேய்க்கும்போது போய்விடும். முகம் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவாவது இருக்குமாறு பெரிதாக்குங்கள்.

9. இந்தப் பக்கத்துக் காட்டுக்கே உரிய படம் வேண்டுமென்றால் நரை அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிற மலை அணில் என்றும் சொல்வார்கள். இதைக் காப்பாற்றத்தான் 1988ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021ல் மேகமலையோடு சேர்ந்து அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆகியிருக்கிறது. இந்த அணிலின் உடம்பில் சாம்பலும் வெள்ளையும் கலந்த மயிர் என்பதால் சாதாரணக் கறுப்பு ஜெராக்ஸிலேயே அச்சு அசலாக இறங்கும், கலருக்குச் செலவு வேண்டாம். ஆண்டாள் கோவில் கோபுரத்தை இறக்குகிறீர்கள் என்றால் பதினோரு நிலையையும் சின்ன அட்டையில் அடக்கப் பார்க்காதீர்கள். பொம்மைகள் எல்லாம் கலங்கிவிடும். காலை நேரத்தில் வானத்துக்கு எதிரே நிழலுருவாக எடுத்த கோபுரம் அருமையாக வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இன்னொரு யோசனை. ஆண்டாளின் இடது கையில் அமர்கிற கிளியைத் தினமும் புதிதாக இலையாலும் பூவாலும் செய்கிறார்கள். மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு. வரைந்த கிளியாக இருந்தாலும் சரி, கல்யாண வாழ்த்து அட்டைக்கு அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

10. இனி வேலை. படத்தை ஓரம் விடாமல் வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை விளிம்பு இருந்தால் அது அட்டையில் பளபளப்புக் கோடாக நிற்கும். அச்சு இருக்கும் பக்கத்தில் தட்டையான பிரஷால் ஜெல்லைத் தடவுங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற கனம் வேண்டாம், ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற கனம் வேண்டும். அடியில் இருக்கும் படம் வெள்ளைக்குள் மங்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. மூலைகளை விட்டுவிடாதீர்கள். உடனே அட்டையில் கவிழ்த்து வையுங்கள். வைத்த பிறகு நகர்த்தக் கூடாது.

11. காற்றுக்குமிழ் இருக்கும் இடத்தில் படம் இறங்காது. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பக்கங்களில் ஜெல் பிதுங்கும். அதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிதுங்கிய ஜெல் தாளின் முதுகில் ஏறிக் காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்காது, காகிதம் ஊறாது, வெள்ளைத் திட்டு நிரந்தரமாகிவிடும். பாதிப் படங்கள் கெடுவது இந்தச் சின்ன அலட்சியத்தால்தான்.

12. இரவு முழுக்கக் காயட்டும். கோடையில் ராஜபாளையம் வெயிலுக்கு மூன்று மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் ஒரு பகலும் ஒரு இரவும் விடுங்கள். ஆடி மாதத்தில் வேறு தொல்லை. மலையிலிருந்து இறங்குகிற காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈர ஜெல்லின் மேல் கொட்டும். அந்த மாதத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள். ஹேர் டிரையர் வைத்து அவசரப்படுத்தினால் ஜெல் குமிழ் விடும். அட்டை சுருளாமல் இருக்க, பட்டர் பேப்பர் மேலே வைத்து இரண்டு கனமான புத்தகம் ஏற்றி வையுங்கள்.

13. காகிதத்தை எடுக்கிற கட்டம்தான் இந்த வேலையின் உயிர். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீரை ஊற்றாதீர்கள். பிழிந்த ஸ்பாஞ்சால் தாளின் முதுகை ஒற்றி ஒற்றி ஈரமாக்குங்கள். இரண்டு நிமிடம் காத்திருங்கள். ஈரத்தில் உள்ளிருக்கும் படம் தாளை ஊடுருவித் தெரியத் தொடங்கும். அது தெரிந்தால் ஊறிவிட்டது என்று அர்த்தம். இப்போது விரல் நுனியின் சதைப் பகுதியால், நகம் படாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். எண்ணெய்க் குளியலில் அழுக்குத் திரண்டு வருமே, அப்படிக் காகிதம் திரித்திரியாக உருண்டு வரும். திரிகளை அவ்வப்போது துடைத்தெடுங்கள், அவை கிடந்தால் படத்தைக் கீறும். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் படமே ஏடாக எழும்பிவிடும்.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். அங்கே நிறுத்துங்கள். முதல் தடவை மேல் அடுக்கு மட்டும் போதும். அரை மணி நேரம் காயவிட்டு, மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு. மூன்று தடவையில் முடியும். ஊறி ஊறி இளகிய அட்டையில் தொடர்ந்து தேய்ப்பதைவிட, நடுவே காயவிட்டுத் தேய்ப்பதில் படம் பத்திரமாக இருக்கும். முகங்கள் இருக்கும் இடத்தைக் கடைசியாக, மெதுவாகச் செய்யுங்கள்.

14. ஈரத்தில் பளிச்சென்று தெரிந்த படம் காய்ந்ததும் பனி மூடிய மாதிரி வெளுக்கும். முதல்முறை செய்பவர்கள் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்துவிடுவது இந்த இடத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத காகித நார் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. இன்னொரு தடவை மெல்லத் தேயுங்கள். அதற்குப் பிறகும் லேசாக நிற்கிற வெளுப்புக்கு, மேலே மெல்லிசாக ஒரு கோட் ஜெல். நார் ஜெல்லைக் குடித்துக் கண்ணாடியாகிவிடும், படம் மறுபடி எழுந்து வரும்.

15. எங்காவது படம் பிய்ந்துவிட்டால் கலர் பென்சிலால் நிரப்புங்கள். பாறையும் மரமும் அதை மறைத்துக்கொள்ளும். வானத்தில் பிய்ந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

16. காகித வேலைக்கென்றே எனக்குப் பிடித்த முறை இதுதான்: படத்தைத் தோலாக உரித்தெடுப்பது. லேசர் பிரதியின் அச்சுப் பக்கத்தில் ஜெல்லை ஒரு கோட் குறுக்காக, காய்ந்த பிறகு ஒரு கோட் நெடுக்காக, இப்படி மாற்றி மாற்றி ஐந்து, ஆறு கோட் தடவுங்கள். ஒவ்வொன்றும் முழுதாகக் காய வேண்டும். மறுநாள் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துப் படத்தைப் போட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டு, பின்பக்கக் காகிதத்தைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். கையில் மிஞ்சுவது படம் பதிந்த ஒரு மெல்லிய ஏடு. தண்ணீருக்குள் அது பால் போல வெளுத்திருக்கும், பயப்பட வேண்டாம், காய்ந்ததும் தெளியும்.

இதில் இரண்டு லாபம். தண்ணீர் வேலை எல்லாம் தட்டிலேயே முடிந்துவிடுவதால் உங்கள் அட்டை நனையவே நனையாது. எவ்வளவு மெல்லிய தாளிலும், பழைய கடிதத்தின் நகல் மேலும் ஒட்டலாம். இரண்டாவது, காகிதம் எடுத்த பக்கத்தைக் கீழே வைத்து ஒட்டுவதால் படம் திரும்புவதில்லை, மிரர் கேட்க வேண்டியதில்லை. ஒட்டுவதற்கும் அதே ஜெல்தான். ஏட்டை இழுக்காதீர்கள், ரப்பர் போல நீளும். முகம் கோணிவிடும்.

17. குழந்தைகளுக்கு ஜெல் வேண்டாம், அகலமான செல்லோ டேப் போதும். ஜெராக்ஸ் படத்தின் மேல் டேப்பை ஒட்டி, ஸ்பூன் முதுகால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தை உருட்டி எடுத்துவிட்டால் கண்ணாடிப் படம் தயார். புக்மார்க்குக்கு ரொம்ப நன்றாக இருக்கும். காய்ந்ததும் அதன் பசையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதை வைத்தே அட்டையில் ஒட்டிவிடலாம்.

18. நம்மில் பலர் இதைச் சின்ன வயதிலேயே செய்தவர்கள்தான். வெள்ளைத் தாளில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, அந்தப் பக்கத்தைச் செய்தித்தாள் படத்தின் மேல் கவிழ்த்து, காசால் சுரண்டினால் நடிகர் முகம் நோட்டில் வந்து நிற்கும். செய்தித்தாள் மை முழுவதும் காய்வதில்லை என்பதால் மெழுகு அதை உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க் 1950களின் கடைசியில் இதையே மெழுகுக்குப் பதிலாக ஒரு கரைப்பானை வைத்துச் செய்தார். பத்திரிகைப் படங்களை நனைத்துத் தாளில் கவிழ்த்து, முதுகில் தேய்த்துத் தேய்த்து, தாந்தேயின் நரகக் காண்டத்துக்கு ஒரு முழு ஓவிய வரிசையே உண்டாக்கினார். வீட்டில் அது வேண்டாம், நாற்றமும் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. மெழுகுவத்தி வித்தையை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

19. பழைய சாமி காலண்டரை என்ன செய்வது என்று ஒவ்வொரு தை மாதமும் ஒரு சங்கடம் வருகிறது. குப்பையில் போட மனம் ஒப்பாது. கோவில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தால் மழையில் ஊறி மிதிபடுகிறது. அந்தப் படங்களின் அருமை தெரிந்தால் இன்னும் மனம் வராது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத்தான் நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். அந்தப் படங்களைப் பெட்டி மூடியிலும் பூஜைப் புத்தக அட்டையிலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

காலண்டர் ஆஃப்செட் மையில் அச்சானது, அதுவும் தண்ணீரில் கரையாது, எனவே நேரடியாகவே இறங்கும். ஆனால் மேலே வார்னிஷோ பிளாஸ்டிக் பூச்சோ இருந்தால் ஜெல் மையைத் தொடவே முடியாது. ஒரு மூலையில் சின்னதாகச் செய்து பார்த்துவிட்டு இறங்குங்கள். வழவழப்பான தாளில் களிமண் பூச்சு உண்டு, அதுவும் படத்தோடு வரும். நிறம் கொஞ்சம் பால் கலந்த மாதிரி இருக்கும், பழைய படத்துக்கு அது குறையாகத் தெரியாது. நாள்காட்டியின் மெல்லிய தாள்கள் சீக்கிரம் ஊறும், சீக்கிரம் கிழியும். கை லேசாக இருக்கட்டும். கொண்டையராஜு காலத்து அசல் காலண்டர் உங்களிடம் இருந்தால் அதற்கும் முதல் குறிப்புதான். படம் எடுத்துப் பிரதியில் செய்யுங்கள். சாமி முகத்தை விரலால் தேய்ப்பது உறுத்தினால் தோல் உரிக்கும் முறையைப் பயன்படுத்துங்கள். அதில் முகம் ஜெல்லுக்குள் பத்திரமாக இருக்கும், தேய்ப்பது முதுகுப் பக்கம் மட்டும்.

20. தீப்பெட்டிப் படங்களும் அப்படித்தான். பூனை, சாவி, கப்பல் என்று சின்ன லேபிள்கள். சேகரிப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அசலை ஆல்பத்தில் வையுங்கள், நான்கு மடங்கு பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து இறக்குங்கள்.

21. நோட்டுப் புத்தகமாகத் தைக்கிறீர்கள் என்றால் முதுகுக்குக் காடாத்துணி தேடி அலைய வேண்டாம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி முழுக்க நெய்வது மருத்துவக் கட்டுத்துணி. அந்த பேண்டேஜ் துணியின் கண் அகலமானது, பசை ஊடுருவிப் பிடிக்கும், மடிப்பு முறியாது. தைத்த முதுகில் ஃபெவிகால் தடவி, துணியை இரண்டு பக்கமும் இரண்டு விரல் நீளும்படி ஒட்டி, அதன்மேல் அட்டையைப் போடுங்கள். படம் இறக்குவதை அட்டை கட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கட்டிய புத்தகத்தில் தண்ணீர் வேலை செய்யாதீர்கள்.

22. சித்திரை வெயிலில் அக்ரிலிக் இளகும். இறக்கிய அட்டைகளை முகத்தோடு முகம் அடுக்கி பீரோவில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் போய்விடும். ஒவ்வோர் அட்டைக்கு நடுவிலும் பட்டர் பேப்பர் வையுங்கள். காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இஸ்திரிப் பெட்டியால் சமன்படுத்த நினைக்காதீர்கள். மேலே மங்கல் வகை ஜெல் பூசினால் இந்த ஒட்டல் குறையும்.

23. ஊருக்குப் பால்கோவா கொண்டுபோகும் அட்டைப் பெட்டியின் மூடியில் கோபுரத்தையோ கிளியையோ இறக்கிக் கொடுத்தால், தின்று முடித்த பிறகும் பெட்டி அந்த வீட்டில் இருக்கும். வெளிப்பக்கம் மட்டும் செய்யுங்கள். ஜெல்லும் டோனரும் தின்பண்டத்தில் படக் கூடாது.

24. தேய்த்தெடுத்த காகிதத் திரிகளைத் தொட்டியில் கழுவி விடாதீர்கள், குழாய் அடைக்கும். பழைய டீ வடிகட்டியில் வடித்து, காயவைத்துக் குப்பையில் போடுங்கள். அதில் பிளாஸ்டிக் பொடி இருப்பதால் செடிக்கு உரமாகாது. பிரஷை வேலை முடிந்த கையோடு கழுவுங்கள். காய்ந்த ஜெல் போகாது.

25. வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. இன்னொருவர் எடுத்த படத்தை விற்பனைப் பொருளில் இறக்க அவருடைய அனுமதி வேண்டும். நம் நாட்டில் புகைப்படத்தின் உரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் நிற்கும். அதைவிட நல்லது, நீங்களே போய்ப் படம் எடுப்பது. வனத்துறை அனுமதிக்கிற நாளில், அனுமதிக்கிற இடம் வரை போங்கள். பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோகாதீர்கள், வடிவம் அழகாக இருக்கிறது என்று இலை, பட்டை, கல் எதையும் எடுத்து வராதீர்கள். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வந்து ராஜபாளையத்தில் நம் வீட்டுக் குடத்தை நிரப்புகிறது.

26. இறக்கிய ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் தடம் முன்பக்கம் எழும்பும், ஜெல் பேனா ஈரத்தில் கரையும். பென்சில் நிற்கும். அப்பாவின் அந்தப் படத்தில் மிஞ்சிய பாதியை ஸ்கேன் செய்து, பழுப்பு அட்டையில் இறக்கி வைத்திருக்கிறேன். பாறையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு கை மட்டும் அவர் தோளில் கிடக்கிறது. பின்னால் சித்தப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.